கியர்பாக்ஸ் ஆயிலும் கிளட்சும்: முதன்முறை கையில் ஸ்பானர் எடுப்பவர்களுக்கு

காரில் என்ஜின் ஆயில் மிகவும் குறைந்து அழுத்தம் விழுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். கியர்பாக்ஸ் ஆயில் குறைந்தால் பெரும்பாலான கார்களில் எந்த விளக்கும் எரியாது. முதலில் லேசான முனகல் கேட்கும், பிறகு ஒரு கியர் கரகரக்கும். அந்தச் சத்தம் காதில் விழும்போது உள்ளே பேரிங் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். "கியர்பாக்ஸ் போச்சு" என்று வரும் வண்டிகளைத் திறந்து பார்த்தால், பற்கள் உடைந்ததற்குப் பின்னால் அநேகமாக ஆயில் பிரச்சினை ஒன்று இருக்கும்: குறைந்த ஆயில், கருகிய ஆயில், அல்லது அந்தப் பெட்டிக்குச் சேராத ஆயில். ஆகவே புதிதாகத் தொடங்குபவர் கற்க வேண்டிய முதல் வேலை ஆயில் வேலைதான். அதை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும்.

எந்தப் பெட்டி, எந்த ஆயில்

உங்கள் காரில் இருப்பது மேனுவலா, டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக்கா, பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் உள்ள சிவிடியா, இரட்டைக் கிளட்ச் வகையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஎம்டி என்று விற்கப்படும் கார்களில் கிளட்ச் பெடல் இருக்காது. ஆனால் உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை அழுத்துவதையும் கியரை மாற்றுவதையும் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது, அவ்வளவே. அதனால் அதற்கு ஊற்றுவதும் மேனுவல் கியர் ஆயில்தான்.

மேனுவல் பெட்டிகளில் பெரும்பாலானவை 75டபிள்யூ-80 அல்லது 75டபிள்யூ-90 பிசுக்குமையில் (ஆயிலின் கெட்டித்தன்மை), ஜிஎல்-4 தரத்தில் ஆயில் கேட்கும். கடையில் ஜிஎல்-5 டப்பாவைக் காட்டி "இது அதைவிட உசத்தி" என்று சொன்னால் வாங்காதீர்கள். கியர் மாற்றும்போது சுழலும் கியரின் வேகத்தையும் ஷாஃப்டின் வேகத்தையும் சமன் செய்வது சிங்க்ரோ வளையம். அது உராய்வினால்தான் வேலை செய்கிறது. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த, அழுத்தம் தாங்க உதவும் சேர்மானங்கள் அதிகம். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஹைப்பாய்டு பற்களுக்கு அது மிக நல்லது. சிங்க்ரோ வளையமோ அதில் பிடிப்பில்லாமல் வழுக்கும், பித்தளை வளையமாக இருந்தால் காலப்போக்கில் அரிப்பும் வரலாம். இரண்டாவது கியர் போடும்போது கரகரப்பு தொடங்குவது இதன் வழக்கமான விளைவு. ஜிஎல்-5 கேட்கும் மேனுவல் பெட்டிகளும், ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் பெட்டிக்கான ஆயில்) ஊற்றச் சொல்லும் மேனுவல் பெட்டிகளும் இல்லாமலில்லை. காருடன் வந்த கையேட்டில் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை.

ஆட்டோமேட்டிக்கில் இந்தக் கண்டிப்பு இன்னும் கூடுதல். சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கான ஏடிஎஃப்பை சிவிடியில் ஊற்றினால், உலோகப் பெல்ட் புல்லியின் மேல் வழுக்கி இரண்டையும் கீறிவிடும். ஒருமுறை கீறல் விழுந்தால் அதற்கு மருந்து கிடையாது.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? மேனுவலுக்கு 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டர், வழக்கமான ஆட்டோமேட்டிக்குக்கு 60,000 முதல் 80,000, சிவிடிக்கு 40,000 முதல் 60,000 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. கையேடு இதைவிடக் குறைத்துச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மலைச்சாலை, கடும் நெரிசல், இழுவைப் பாரம் ஆகியவை இருந்தால் இந்தத் தூரத்தை இன்னும் சுருக்க வேண்டும். சில கார்களின் கையேட்டில் "ஆயுள் முழுதும் போதுமான ஆயில்" என்றிருக்கும். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்துதரும் இசட்.எஃப். நிறுவனமே, தன் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது.

ஸ்பானர் எடுப்பதற்கு முன் காது கொடுங்கள்

கழற்றிப் பார்க்காமலே பாதி நோயைக் கண்டுபிடித்துவிடலாம். வண்டியை நியூட்ரலில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுங்கள். முனகல் கேட்கிறதா? கிளட்சை முழுதாக அழுத்துங்கள். முனகல் நின்றால், என்ஜினிலிருந்து பெட்டிக்குள் சுழற்சியைக் கொண்டுவரும் இன்புட் ஷாஃப்டின் பேரிங் மேல் சந்தேகம். மாறாக, கிளட்சை அழுத்தும்போதுதான் சத்தமே தொடங்குகிறது என்றால் அது கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். ஒரே ஒரு கியரில் ஓடும்போது மட்டும் ஊளையிட்டால் அந்த கியரின் பற்கள். எல்லா கியரிலும் வேகத்தோடு சத்தமும் ஏறினால் ஷாஃப்ட் பேரிங்கோ டிஃபரன்ஷியல் பேரிங்கோ இருக்கலாம். ஆனால் வீல் பேரிங்கும் இப்படியேதான் கத்தும், அதை முதலில் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஓட்டும்போது டக் டக் என்று அடித்தால் பெட்டியில் குறையே இல்லை, ஆக்சிலின் மடங்கும் மூட்டான சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

கியர் விழ மறுக்கிறதா? என்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைந்த நிலையில் வெண்ணெயாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை. அணைந்த நிலையிலும் இறுக்கமாக இருந்தால் கியர் கேபிள், லீவரைப் பெட்டியோடு இணைக்கும் லிங்கேஜின் புஷ், அல்லது பெட்டிக்குள்ளேயே கோளாறு. லிங்கேஜின் பிளாஸ்டிக் புஷ் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது உடைந்ததற்காகக் கியர்பாக்ஸையே இறக்கியவர்கள் உண்டு.

கிளட்ச் வழுக்குகிறதா என்று அறிய, மேடுபள்ளமில்லாத சமதளச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் ஓடும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். என்ஜின் சுற்று விறுவிறுவென்று ஏறி, வண்டி வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது, இல்லையேல் அதன்மேல் ஆயில் பட்டிருக்கிறது.

மேனுவல் ஆயில் மாற்றும் வேலை

தேவையானவை: ஜாக்கி, நான்கு ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கட்டைகள், பிளக்குக்குப் பொருந்தும் ஸ்பானர் அல்லது ஆலன் கீ, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்), 5 லிட்டர் கொள்ளும் தட்டு, குழாயுடன் கூடிய கைப்பம்பு, புது வாஷர் இரண்டு, கையுறை, கண்ணாடி. ஆயில் பெரும்பாலான முன்சக்கர இயக்கக் கார்களுக்கு 1.5 முதல் 3 லிட்டர் பிடிக்கும். வாங்கும்போது அரை லிட்டர் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

1. 10, 15 நிமிடம் வண்டியை ஓட்டுங்கள். குளிர்ந்த கியர் ஆயில் தேன்போல் ஒட்டிக்கொண்டு இறங்காது. தேய்ந்த துகள்களும் அடியிலேயே படிந்து நின்றுவிடும். ரொம்பச் சூடாக இருந்தால் கை வெந்துவிடும். வெதுவெதுப்பு போதும்.

2. காரை நான்கு ஸ்டாண்டிலும் ஏற்றி மட்டமாக நிறுத்துங்கள். முன்பக்கம் மட்டும் தூக்கினால் வடியும் அளவும் தவறும், நிரப்பும் அளவும் தவறும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்கவே கூடாது. ஸ்டாண்டில் ஏற்றியதும் காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள். ஆடாவிட்டால்தான் உள்ளே போக வேண்டும்.

3. நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றாதீர்கள். வடிக்கும் பிளக்கைத் திறந்து ஆயில் முழுவதையும் கொட்டிய பிறகு, நிரப்பும் பிளக் துருப்பிடித்து அசையாவிட்டால் ஆயில் இல்லாத வண்டி ஸ்டாண்டில் நின்றுவிடும். நகர்த்தவும் முடியாது. முரண்டு பிடிக்கும் பிளக்குக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து வையுங்கள்.

4. இது சரியான பிளக்தானா என்று இன்னொரு முறை பாருங்கள். குறுக்காக அமைந்த என்ஜினில் என்ஜின் ஆயில் பிளக்கும் கியர்பாக்ஸ் பிளக்கும் ஒரு சாண் தூரத்தில் இருக்கும். ஒன்றை வடித்து இன்னொன்றில் ஊற்றிவிட்டால், ஒரு பெட்டி காய்ந்து கிடக்கும், மற்றது வழியும். இரண்டும் கெடும். கியர்பாக்ஸின் உடம்பில் தெரியும் எல்லா போல்ட்டும் ஆயில் பிளக் ஆகாது. சிலவற்றுக்குப் பின்னால் கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும். சில, ரிவர்ஸ் ஷாஃப்டைத் தாங்கி நிற்கும். படத்தோடு ஒப்பிடாமல் எதையும் திருகாதீர்கள்.

5. தட்டை வைத்து வடிக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். முதல் வீச்சு ஒரு முழம் தள்ளி விழும், தட்டைக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். கடைசிச் சொட்டு வரை 15 நிமிடம் விடுங்கள்.

6. இப்போது பிளக்கின் முனையில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். இந்த வேலையிலேயே அதிகம் சொல்லித்தருவது அதுதான். சாம்பல் நிறத்தில் மை போன்ற விழுது அப்பியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. விரலில் எடுத்துத் தேய்த்தால் பவுடர்போல் வழுக்கும், நெருடாது. விரலுக்கிடையில் நெருடினால், மினுங்கும் செதில்கள் தெரிந்தால், பேரிங் உரியத் தொடங்கியிருக்கிறது. பல்லின் ஓரம்போல் கூர்மையான துண்டு கிடைத்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். புது ஆயில் ஊற்றி அதைக் குணப்படுத்த முடியாது. காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மஞ்சளாகப் பளபளப்பது பித்தளை, அதாவது சிங்க்ரோ வளையம். கொஞ்சம் மினுமினுப்பு பழைய பெட்டியில் சகஜம், நிறைய என்றால் சரியில்லை. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் ஓட்டிய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

7. காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டு, கையால் நாலைந்து சுற்றுத் திருகிய பிறகே டார்க் ரெஞ்சை எடுங்கள். பல கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும், உங்கள் காரின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி அலுமினியம். பலமாக முறுக்கினால் மரை போய்விடும். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு வாஷர் மறுபடி சரியாக அடைக்காது.

8. பம்பின் குழாயை நிரப்பும் துளையில் விட்டு மெதுவாக ஏற்றுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் துளையின் கீழ்விளிம்புதான் அளவுக்கோடு. விளிம்பிலிருந்து மெல்ல வழியத் தொடங்கியதும் நிறுத்தி, 5 நிமிடம் விட்டு, மட்டம் இறங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். சில பெட்டிகளில் அளவு துளைக்குக் கீழே நிற்கும். அவற்றில் அளந்துதான் ஊற்ற வேண்டும். எப்படியானாலும் வடிந்த ஆயிலை அளந்து பாருங்கள். 2 லிட்டர் பிடிக்கும் பெட்டியிலிருந்து 1.2 லிட்டர்தான் வந்தது என்றால், மீதி எங்கோ கசிந்திருக்கிறது.

அதிகமாக ஊற்றுவதும் தவறு. கியர்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைத்த ஆயில் பற்களுக்கிடையில் படலமாக நிற்காது. அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

9. நிரப்பும் பிளக்கையும் புது வாஷரோடு முடுக்கி, சுற்றுப்புறத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி கீழே எட்டிப் பாருங்கள். துடைத்து வைத்ததால் புதுக் கசிவு இருந்தால் உடனே தெரியும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் அடைத்துப் பழைய ஆயில் சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

கசிவைத் தேடும்போது

ஆக்சில் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ஈரம் என்றால் ஆக்சில் சீல். அதைப் புதியவரும் மாற்றலாம்: ஆக்சிலை உருவி, பழைய சீலை நெம்பி எடுத்து, புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, நேராகத் தட்டி இறக்க வேண்டும். சாய்ந்து இறங்கினால் ஒரு வாரத்தில் மறுபடி ஒழுகும். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டினால் இன்புட் ஷாஃப்ட் சீலோ என்ஜினின் பின்பக்கச் சீலோ. இரண்டுக்கும் பெட்டியை இறக்கியாக வேண்டும். முகர்ந்து பாருங்கள், கந்தகம் கலந்த கியர் ஆயிலின் காட்டமான நாற்றம் தனியாகத் தெரியும்.

சீல் மாற்றியும் மறுபடி மறுபடி ஒழுகுகிறது என்றால் சீலைத் திட்டாதீர்கள். பெட்டியின் மேல் பிரீதர் என்று ஒரு சிறு மூச்சுக்குழாய் இருக்கும். சேறும் தூசியும் அதை அடைத்தால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் சீலின் வழியே ஆயிலைத் தள்ளும். மூடியைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய 5 நிமிடம் ஆகும்.

கிளட்ச் ஃப்ளூயிட்

ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பல கார்களில் பிரேக்குக்குப் போடும் டாட் 3 அல்லது டாட் 4 ஃப்ளூயிட்டையே கிளட்சுக்கும் பயன்படுத்துகிறார்கள். பலவற்றில் டேங்கும் ஒன்றே. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக்குக்கு மாற்றும்போது கிளட்ச் லைனை மட்டும் விட்டுவிடுவது பரவலான தவறு. ஃப்ளூயிட் காப்பிக் கஷாயம்போல் கறுத்திருந்தால் உள்ளே ரப்பர் தேய்கிறது.

பெடல் பஞ்சுபோல் தொய்ந்து, இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியானால் லைனில் காற்று இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் (காற்றை வெளியேற்றும் திருகு) தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் உள்ள புட்டியில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெல்ல அழுத்திப் பிடிக்க, நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, குமிழி வந்ததும் மூடுங்கள். மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி நிற்கும் வரை தொடருங்கள். மேலே டேங்க் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஃப்ளூயிட் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆட்டோமேட்டிக்: வெப்பநிலைதான் அளவுகோல்

ஆட்டோமேட்டிக்கில் ஆயில் உராய்வைக் குறைப்பதோடு நிற்பதில்லை. அழுத்தத்தைக் கடத்தி கிளட்சுகளைப் பிடிக்க வைப்பதும், சூட்டை வெளியேற்றுவதும் அதன் வேலைதான். அரை லிட்டர் குறைந்தாலே வித்தியாசம் தெரியக்கூடும்: பி-யிலிருந்து (பார்க்) டி-க்குப் (டிரைவ்) போட்ட பிறகு இரண்டு விநாடி தாமதம், திருப்பத்தில் ஒரு நழுவல்.

டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உள்ள கார் என்றால் வேலை எளிது. சூடாக்கி, சமதளத் தரையில், பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை எல்லா நிலைகளிலும் சில விநாடி நிறுத்தி எடுத்து, கையேடு சொல்லும் நிலையில் வைத்து அளவைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும், சிலவற்றில் அணைத்துவிட்டு. புது ஏடிஎஃப் அநேகமாகச் சிவப்பு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். பழுப்பாகிக் கருகிய வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிகின்றன. ரோஸ் நிறப் பால்போல் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது. அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். கிளட்ச் தட்டின் பசை தண்ணீரில் பெயர்ந்துவிடும்.

டிப்ஸ்டிக் இல்லாத கார்களில் அளவு பார்க்க ஒரு பிளக் இருக்கும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி ஆயிலின் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளுக்கு 35 முதல் 45 டிகிரி செல்சியஸ். அந்த இடைவெளிக்குள், என்ஜின் ஓடும்போது, பிளக்கைத் திறந்தால் நூல்போல் மெல்ல வழிவதே சரியான அளவு. 70 டிகிரியில் திறந்தால் விரிவடைந்த ஆயில் தாராளமாகக் கொட்டும். அதிகம் என்று நினைத்து வழியவிடுவீர்கள், ஆறியதும் அரை லிட்டர் குறைந்து நிற்கும். என்ஜின் ஓடும்போது அடியில் இருப்பதால் நான்கு ஸ்டாண்டு, ஹேண்ட் பிரேக், கட்டை எல்லாம் கட்டாயம்.

பெட்டியின் அடியில் ஆயில் தேங்கும் அடித்தட்டு வழியாக வடித்தால் முழு ஆயிலும் வராது. டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். 8 லிட்டர் பெட்டியிலிருந்து 4 லிட்டர் வருகிறது என்று வையுங்கள். ஒருமுறை மாற்றினால் பாதி புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினால் முக்கால் பங்கு, மூன்றாவது முறையில் ஏறக்குறைய 87 சதவீதம். முதல் முறை தட்டைக் கழற்றி ஃபில்டரையும் கேஸ்கெட்டையும் மாற்றி, தட்டிலுள்ள காந்தங்களைத் துடையுங்கள். நூல் உதிராத துணிதான் வேண்டும். ஒரு இழை போதும், ஆயில் அழுத்தத்தைப் பங்கிட்டு அனுப்பும் வால்வு பாடியில் சிக்கிக்கொள்ள. தட்டின் போல்ட்டுகள் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் அளவே கேட்கும். எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள்.

2 லட்சம் கிலோமீட்டர் மாற்றாத பெட்டியில் மாற்றலாமா என்று பலரும் தயங்குகிறார்கள். வண்டி ஒழுங்காகக் கியர் மாற்றிக்கொண்டு ஓடினால், அழுத்தம் கொடுத்துக் கழுவும் இயந்திரத்தைத் தவிர்த்து, மேற்சொன்னபடி வடித்து ஊற்றுங்கள். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் லேசாக மிதிக்கும்போது சொரசொரப்பான சாலையில் போவதுபோல் அதிர்வது கன்வெர்ட்டர் லாக்-அப்பின் (கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் கிளட்ச்) நடுக்கம். புது ஆயிலால் அது நின்றுபோவதும் உண்டு. ஏற்கெனவே நழுவி, கருகல் நாறும் பெட்டி என்றால் புது ஆயில் அதைக் காப்பாற்றாது.

ஸ்கேனரில் பி 0700 என்ற பிழைக் குறியீடு வந்தால் பதறாதீர்கள். கியர்பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு இருக்கிறது என்பதே அதன் பொருள். அடுத்த குறியீடுதான் விஷயம்: பி 0715 இன்புட் வேக சென்சார், பி 0740 கன்வெர்ட்டர் லாக்-அப். வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேறெதற்கும் மாறாவிட்டால் அது தற்காப்பு நிலை. மெதுவாக வீட்டுக்கோ பட்டறைக்கோ ஓட்டிப்போகலாம். சக்கரம் தரையில் உருளக் கட்டி இழுத்துச் செல்லாதீர்கள். என்ஜின் அணைந்திருந்தால் பெட்டியின் பம்ப் சுற்றாது, உருளும் பாகங்கள் ஆயிலின்றி உராயும். முழு வண்டியையும் ஏற்றும் லாரிதான் சரி.

சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக் பெடலை விட்டு வண்டி அதில் நின்ற பிறகு பி-க்குப் போடுங்கள். இல்லாவிட்டால் முழு எடையும் விரல் அளவு உலோகத் தாழ் ஒன்றின் மேல் தொங்கும். ரிவர்ஸிலிருந்து டி-க்கு மாற்றும்போது வண்டி முழுதாக நிற்கட்டும்.

பட்டறைக்கு விட வேண்டியவை

சிங்க்ரோ, பேரிங், வால்வு பாடி, கிளட்ச் தட்டு: இவையெல்லாம் பெட்டியை இறக்கவோ தனிக் கருவிகளோ வேண்டிய வேலைகள். அங்கே போகும்போது "கியர்பாக்ஸ் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த கியரில், குளிர்ந்தபோதா சூடானபோதா, கிளட்சை அழுத்தினால் மாறுகிறதா, காந்தத்தில் என்ன இருந்தது என்று சொல்லுங்கள். பெட்டியை இறக்குகிறார்கள் என்றால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இன்புட் ஷாஃப்ட் சீல், என்ஜினின் பின்பக்கச் சீல் ஆகியவற்றை அதே கையோடு மாற்றச் சொல்லுங்கள். இந்த வேலையில் பெரும் கூலி இறக்கி ஏற்றுவதற்குத்தான். ஒரு சிறு சீலுக்காக இரண்டாம் முறை இறக்கினால் அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.